‘அவைலபிள்’ என்று வந்துவிட்டால் போதுமா? கிரிப்டோ லைப்ரரியில் ஹார்டுவேர் எஞ்சின் விழிக்கும் விதம்

சர்வரில் மறையாக்கத்துக்கென்று தனியாக ஒரு ஹார்டுவேர் கார்டைப் பொருத்தியாயிற்று. டிரைவர் போட்டாயிற்று. தயாரிப்பாளர் கொடுத்த எஞ்சின் கோப்பையும் (லைப்ரரி கார்டோடு பேச உதவும் துணை நிரல்) உரிய டைரக்டரியில் வைத்தாயிற்று. டெர்மினலில், வெப் சர்வர் மறையாக்கத்துக்கு நம்பியிருக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஞ்சின்’ கட்டளையை மைனஸ் டி (-t) சேர்த்து ஓட்டினால், கார்டின் பெயருக்குக் கீழே சதுர அடைப்புக்குள் ‘அவைலபிள்’ என்று வருகிறது. சரி, முடிந்தது என்று எழுந்து போகிறோம். மறுநாள் பார்த்தால் சிபியு பழையபடியே திணறிக்கொண்டிருக்கிறது. கார்டில் உள்ள கவுன்டர் பூஜ்யத்தைவிட்டு நகரவே இல்லை.

கட்டளை பொய் சொல்லவில்லை. அது செய்ததெல்லாம் இவ்வளவுதான்: எஞ்சினைத் தேடிப் பிடித்தது, எழுப்பிப் பார்த்தது, எழுந்தது என்று அச்சிட்டது, மறுபடி படுக்கவைத்துவிட்டு வெளியேறிவிட்டது. பக்கத்தில் வேறொரு ப்ராசஸாக ஓடும் வெப் சர்வர் அந்த எஞ்சினைக் கூப்பிடுகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

இங்கே கேள்விகள் மூன்று. எஞ்சின் இருப்பது லைப்ரரிக்குத் தெரியுமா? எழுப்பினால் எழுகிறதா? வேலை வரும்போது அது எஞ்சினிடம் போகிறதா? இந்தப் பக்கம் நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை, இவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றொன்றின் பதிலாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

இப்படிப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. 1990-களின் கடைசியில், பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் தனிச்சாவிக் கணக்கைப் போடுவது அன்றைய சிபியுக்களுக்குப் பெரிய பாரம். அந்தக் கணக்கை மட்டும் போட்டுத் தரும் கார்டுகளை விற்கப் பல நிறுவனங்கள் கிளம்பின. கிரிப்டோஸ்விஃப்ட், அடல்லா, என்சைஃபர் என்று அந்தக் காலத்துப் பெயர்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் மூலநிரலில் வெகுநாள் இருந்தன. ஆனால் ஒரே லைப்ரரி கார்டு உள்ள மெஷினிலும் ஓட வேண்டும், இல்லாத மெஷினிலும் ஓட வேண்டும். நிறுவனங்களின் மூடிய நிரலை உள்ளே சேர்க்கவும் முடியாது. அதனால் ஒரு வழி கண்டார்கள்: லைப்ரரிக்குள் ஒரு சின்ன உறை மட்டும் இருக்கும், எழுப்பும் நேரத்தில்தான் அது தயாரிப்பாளரின் ஷேர்டு லைப்ரரியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களைத் தேடி எடுத்து, கார்டோடு பேசும். 2000-ஆம் ஆண்டு 0.9.6 வெளியானபோது இந்த வசதி தனிப் பதிப்பாகத்தான் வந்தது. 2002-இன் கடைசி நாளில் வந்த 0.9.7-இல் பிரதான நிரலோடு சேர்ந்துவிட்டது.

ஆகவே எஞ்சின் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதற்கும் ஹார்டுவேர் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டியலில் இருப்பது உறை.

இதை நிரலுக்குள் பிடித்துவைக்க, ஒவ்வொரு எஞ்சினுக்கும் லைப்ரரி இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஒன்று ஸ்ட்ரக்சரல் ரெஃபரன்ஸ்: இந்த எஞ்சினின் டேட்டா யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, மெமரியிலிருந்து அழித்துவிடாதே என்று பொருள். மற்றது ஃபங்ஷனல் ரெஃபரன்ஸ்: எஞ்சின் விழித்து வேலையில் இருக்கிறது, ஹார்டுவேரை மூடிவிடாதே என்று பொருள். பெயர் சொல்லி எஞ்சினைக் கேட்டால் முதல் வகைதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எஞ்சினின் பெயர் என்ன, என்னென்ன அல்காரிதம் செய்யும், என்னென்ன கன்ட்ரோல் கட்டளைகளை ஏற்கும் என்றெல்லாம் கேட்கலாம். கணக்குப் போடச் சொல்ல முடியாது. அதற்கு இனிட் என்ற எழுப்பும் ஃபங்ஷனை அழைத்து இரண்டாவது வகையை வாங்க வேண்டும்.

இனிட் அழைப்பதற்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஞ்சின் எழுதியவர் கொடுத்த இனிட் ஃபங்ஷன், கணக்கு பூஜ்யமாக இருக்கும்போது மட்டுமே ஓடும். அதற்குப் பிறகு நூறு பேர் இனிட் அழைத்தாலும் எண்தான் கூடும், கார்டை யாரும் தொடுவதில்லை. திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே: கடைசி ஆள் ஃபினிஷ் அழைக்கும்போதுதான் கார்டு மூடப்படும். ஃபங்ஷனல் ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்ட்ரக்சரல் ஒன்று அடங்கியிருப்பதால், இனிட் வெற்றிபெற்றதும் முதலில் வாங்கியதை ஃப்ரீ செய்துவிடலாம். புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபினிஷ் அழைக்க வேண்டிய இடத்தில் ஃப்ரீ அழைத்துவிடுவார்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, நிரலும் ஓடும். கார்டு மட்டும் மூடப்படவே மூடப்படாது.

அப்புறம், எஞ்சினின் இனிட் ஃபங்ஷன் ஓடும் நேரம் முழுக்க எஞ்சின் பட்டியலுக்கான பொதுப் பூட்டு போடப்பட்டிருக்கும். கார்டு பதில் சொல்லச் சில விநாடிகள் எடுத்துக்கொண்டால், அந்தப் பட்டியலைத் தொட வரும் மற்ற த்ரெட்கள் எல்லாம் வாசலில் நிற்கும். பரபரப்பான சர்வரில் முதல் இணைப்பு மட்டும் விநோதமாகத் தாமதமாகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நடைமுறையில் இதையெல்லாம் சி மொழியில் எழுதுபவர்கள் குறைவு. கான்ஃபிக் கோப்பில் நாலு வரி எழுதி முடிப்பதுதான் வழக்கம். எஞ்சினின் ஐடி, ஷேர்டு லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் டைனமிக் பாத், எஞ்சினுக்கே உரிய கட்டளைகள், எந்தெந்த அல்காரிதங்களுக்கு இதுவே இயல்பு என்று சொல்லும் டிஃபால்ட் அல்காரிதம்ஸ், எப்போது எழுப்புவது என்று சொல்லும் இனிட். பார்ப்பதற்கு வரிசை முக்கியமில்லாத பட்டியல் மாதிரி இருக்கும். ஆனால் லைப்ரரி அதை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக நிறைவேற்றுகிறது. கிட்டத்தட்ட ஒரு ஸ்கிரிப்ட்தான் அது.

இனிட் என்று வரியே இல்லாவிட்டால் எல்லா வரிகளும் முடிந்த பிறகு எழுப்பப் பார்க்கும். ஒன்று என்று போட்டால் அந்த வரியிலேயே எழுப்பும். பூஜ்யம் என்றால் எழுப்பாது. இதைப் படித்துவிட்டு, இனிட் வரி எழுதவில்லை, ஆகவே கடைசியில்தான் எழும் என்று நிம்மதியாக இருந்தால் ஏமாந்துபோவோம். காரணம், டிஃபால்ட் அல்காரிதம்ஸ் வரியும் எஞ்சினை எழுப்பும். ஒரு எஞ்சினை இயல்பாக ஆக்க வேண்டுமானால் அது விழித்திருக்க வேண்டும் என்பது லைப்ரரியின் விதி. எனவே தயாரிப்பாளரின் லைப்ரரி எந்தப் பாதையில் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை அந்த வரிக்குக் கீழே இருந்தால், எங்கே போவது என்று தெரியாமலே எஞ்சின் எழுந்திருக்க வேண்டிவரும். எழாது. பிழைச்செய்தி ‘இனிட் ஃபெய்ல்டு’ என்று மொட்டையாக வரும். ஒரு முறை இப்படி அரை நாள் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் செய்தது, ஒரு வரியை வெட்டி மூன்று வரி மேலே ஒட்டியது மட்டும்தான்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். லைப்ரரிக்குள் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு அட்டவணை இருக்கிறது: ஆர்எஸ்ஏவுக்கு ஒன்று, ரேண்டம் எண்ணுக்கு ஒன்று என்று. சைஃபர் (மறையாக்கம்), ஹாஷ் (டேட்டாவின் கைரேகை) அட்டவணைகளில் ஒவ்வொரு அல்காரிதத்துக்கும் தனித்தனி வரிசை. இதில் ஒரு எஞ்சினை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ‘ரெஜிஸ்டர்’ செய்தால் அது வரிசையில் நிற்கும் ஒரு வேட்பாளர். ‘டிஃபால்ட்’ ஆக்கினால் அதற்குத்தான் முதல் அழைப்பு. டிஃபால்ட் யாரும் இல்லை, வேட்பாளர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், முதல் வேலை வரும்போது லைப்ரரி ஒவ்வொருவராக எழுப்பிப் பார்க்கும். முதலில் எழுபவருக்கு வேலை. அந்த முடிவை நினைவிலும் வைத்துக்கொள்ளும். யாருமே எழவில்லையா, சொந்த சாஃப்ட்வேர் நிரலை ஓட்டிக்கொள்ளும். பிழை எதுவும் வராது, பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

தொடக்கத்தில் சொன்ன சர்வரில் நடந்தது இதுதான். எஞ்சின் பட்டியலில் இருந்தது, எழுப்பினால் எழுந்தது, ஆனால் வெப் சர்வர் படிக்கும் கான்ஃபிக்கில் அதை அட்டவணையில் சேர்க்கும் வரி இல்லை. சிபியுவே எல்லாக் கணக்கையும் போட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சத்தமில்லாத பின்வாங்கல் நல்லதா கெட்டதா என்பது ஹார்டுவேரைப் பொறுத்தது. வேகத்துக்காக மட்டும் போட்ட கார்டு என்றால் நல்லதுதான். கார்டு செத்தாலும் சேவை நிற்காது. சாவியைத் தன்னுள்ளேயே பூட்டிவைத்திருக்கும் ஹெச்எஸ்எம் என்றால் பின்வாங்க இடமே இல்லை. சாவி வெளியே வராது, சாஃப்ட்வேரிடம் கணக்குப் போட ஒன்றும் இல்லை, பிழை உரக்க வரும். சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில். சான்றளிக்கப்பட்ட சாதனத்தில்தான் மறையாக்கம் நடக்க வேண்டும் என்று விதி இருக்கும் இடத்தில், பின்வாங்கல் என்பது யாருக்கும் தெரியாமல் விதியை மீறுவது.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு: யாரும் நினைக்காத வேலை எஞ்சினிடம் போய்விடுவது. 1.0.1 காலத்து ஓப்பன்எஸ்எஸ்எல்லில், ரேண்டம் எண் தரும் இன்டெல் சிப்பின் ஆர்டிரேண்ட் கட்டளையை ஒரு எஞ்சினாகப் பொதித்திருந்தார்கள். உள்ளிருக்கும் எஞ்சின்கள் அனைத்தையும் ஏற்று, எல்லாவற்றுக்கும் இவையே இயல்பு என்று ஒரு அப்ளிகேஷன் சொன்னால், ரேண்டம் எண்ணும் அந்த ‘எல்லாவற்றிலும்’ சேர்ந்துவிடும். அதன் பிறகு ரேண்டம் எண்கள் வேறெதோடும் கலக்காமல் நேராகச் சிப்பிலிருந்தே வரும். அடையாளம் மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் மென்பொருளில் ஹார்டுவேர்ஆக்சல் என்ற அமைப்பை இயக்கியவர்கள் இதில்தான் மாட்டினார்கள். அவர்கள் கேட்டது வேகம், மாறிப்போனது ரேண்டம் எண்ணின் ஊற்று. 2013 டிசம்பரில் வந்த டோர் 0.2.4.20 இதைச் சரிசெய்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்லும் அதையொட்டி, வெளிப்படையாகக் கேட்டாலொழிய ஆர்டிரேண்ட் எஞ்சின் இயல்பாகாது என்று மாற்றிக்கொண்டது. ‘ஆல்’ என்று கான்ஃபிக்கில் எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குவது இதனால்தான்.

ஆர்டிரேண்டுக்கு எஞ்சின் உறை போட்டது சரியான முடிவா என்பது வேறு விவாதம். ஏஇஎஸ் என்ற மறையாக்க அல்காரிதத்துக்கான சிப்பின் கட்டளைகளை 1.0.1-இல் எஞ்சின் இல்லாமல் நேராக உள்நிரலிலேயே சேர்த்துவிட்டார்கள். லைப்ரரி ஏறும்போதே சிபியுவிடம் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறது, அதோடு சரி. திறக்க ஒரு சாதனம் இல்லை, மூட ஒன்று இல்லை, ஆகவே எழுப்பும் சடங்கும் இல்லை. இன்று சாதாரண சர்வரில் ஏஇஎஸ்ஸுக்குத் தனிக் கார்டு போட்டும் வேகம் கூடவில்லை என்று புலம்புபவர்கள் பல நேரம் இதனோடுதான் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெச்எஸ்எம், ஸ்மார்ட் கார்டு பக்கம் போனால் எஞ்சினுக்கு அடியில் இன்னொரு அடுக்கு இருக்கும்: பிகேசிஎஸ் 11. ஆர்எஸ்ஏ லேபரட்டரீஸ் 1990-களில் தொடங்கி, பிறகு ஓயாஸிஸ் அமைப்பிடம் வந்த, இத்தகைய சாதனங்களோடு நிரல்கள் பேசும் முறைக்கான தரம் இது. இதற்கும் தனியாக ஒரு எழுப்பும் சடங்கு உண்டு. முதலில் சி-இனிஷியலைஸ். பிறகு ஸ்லாட்டுகளைக் கேட்டு, டோக்கன் (சாவியை வைத்திருக்கும் சாதனம்) இருக்கும் ஸ்லாட்டில் செஷன் திறந்து, பின் (PIN) எண் கொடுத்து லாகின் செய்து, சாவியைத் தேட வேண்டும். எஞ்சினின் இனிட் வெற்றி என்றால் இந்தப் படிகளில் எதுவரை போயிருக்கிறது என்று எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சில எஞ்சின்கள் லாகினை முதல் சாவி கேட்கும்வரை தள்ளிப்போடும். அப்படியானால் ‘அவைலபிள்’ என்பது பின் எண் சரியா என்பதைக்கூடச் சொல்லவில்லை.

ஃபோர்க் செய்யும், அதாவது தன்னையே நகலெடுத்துப் புது ப்ராசஸ்களை உருவாக்கும், சர்வர்களின் தொல்லையும் இங்கேதான். தாய் ப்ராசஸ் சி-இனிஷியலைஸ் செய்து, செஷன் திறந்து, லாகினும் செய்துவிட்டு, அப்புறம் பிள்ளைகளைப் பெற்றெடுக்கும். பிள்ளைகளின் மெமரியில் எல்லாம் அப்படியே இருப்பது போலத் தோன்றும். ஆனால் தரத்தின்படி, ஃபோர்க் ஆன பிள்ளை திரும்பவும் தானே சி-இனிஷியலைஸ் அழைக்க வேண்டும். தாயின் செஷன் எண்கள் அதற்குச் செல்லாது. லைப்ரரியின் கணக்குப் புத்தகத்திலோ ஃபங்ஷனல் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறது. மேலே சொன்ன விதிப்படி, பூஜ்யம் இல்லையென்றால் இனிட் ஃபங்ஷன் ஓடாது. ஆகவே பிள்ளை எத்தனை முறை இனிட் அழைத்தாலும் எண்ணிக்கைதான் கூடும். நல்ல எஞ்சின்கள் தங்கள் ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அது மாறியிருந்தால் எல்லாவற்றையும் புதிதாகத் திறக்கின்றன. அப்படிச் செய்யாத எஞ்சின் கையில் வந்தால், ஃபோர்க்குக்குப் பிறகு எழுப்புவதே வழி.

பின் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தவறான பின் எண் கான்ஃபிக்கில் இருக்கிறது, சேவை விழுந்தால் உடனே திரும்ப எழுப்பும்படி கண்காணிப்பு மென்பொருளும் அமைத்திருக்கிறது என்று வையுங்கள். சேவை விழும், எழும், தவறான எண்ணைக் கொடுக்கும், மறுபடி விழும். நீங்கள் திரையைப் பார்ப்பதற்குள் டோக்கன் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கும். அதன் பிறகு சரியான எண்ணைக் கொடுத்தாலும் திறக்காது. நிர்வாகிதான் வந்தாக வேண்டும்.

எஞ்சின் ஏற்றுவது என்றால் வெளியாரின் நிரலை உங்கள் ப்ராசஸுக்குள் விடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் சிவிஇ-2019-1552 என்ற எண்ணில் பதிவான குறை இதைக் காட்டியது. மிங்டபிள்யூ என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு விண்டோஸுக்குக் கட்டப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல், யூனிக்ஸ் பழக்கத்தில் சி டிரைவில் யூஎஸ்ஆர், லோக்கல் என்று போகும் பாதையில் கான்ஃபிக்கைத் தேடியது. விண்டோஸில் அந்த டைரக்டரி இயல்பாக இருப்பதில்லை, ஆனால் சாதாரணப் பயனரும் அதை உருவாக்கலாம். உருவாக்கி, தன் எஞ்சினைச் சுட்டும் கான்ஃபிக்கை உள்ளே வைத்தால், அதிக அதிகாரத்தோடு ஓடும் வேறொரு நிரல் அதைப் படித்து எஞ்சினை ஏற்றும். கர்ல் கருவியின் விண்டோஸ் பதிப்பிலும் அதே ஆண்டு இதே வகைக் குறை வெளிவந்தது. தானாகவே கான்ஃபிக்கைப் படித்து எஞ்சினை எழுப்பும் வசதி, பாதை தவறினால் எதிராளிக்கும் வசதிதான்.

1.1.0 பதிப்பிலிருந்து (2016) லைப்ரரி தன்னைத்தானே ஒரே ஒரு முறை, த்ரெட்களுக்கிடையே மோதாமல் எழுப்பிக்கொள்கிறது. முடியும்போதும் தானே சுத்தம் செய்கிறது. 1.1.1-இலிருந்து கான்ஃபிக்கையும் கேட்காமலே படிக்கிறது. பழைய நிரல்களில் வரிசையாக நின்ற தொடக்க அழைப்புகள் பெரும்பாலும் தேவையற்றுப் போயின. அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட்டாலும், எது எப்போது நடந்தது என்பது கண்ணிலிருந்து மறைந்ததும் உண்மை.

பெரிய மாற்றம் 2021 செப்டம்பரில் வந்த 3.0. எஞ்சினைக் கைவிடப்படும் வழி என்று அறிவித்து, ப்ரொவைடர் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் லைப்ரரியின் உள் கட்டமைப்புகளையே தொட்டு வேலை செய்தது. ப்ரொவைடர் அப்படி இல்லை. ஏறும்போது லைப்ரரி ஒரு ஃபங்ஷன் பட்டியலைக் கொடுக்கிறது, பதிலுக்கு ப்ரொவைடர் தன் பட்டியலைக் கொடுக்கிறது. அதற்குமேல் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழைவதில்லை. லைப்ரரியின் சொந்த அல்காரிதங்களே ‘டிஃபால்ட்’ என்ற ப்ரொவைடராக மாறிவிட்டன. அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் தரத்துக்கான ப்ரொவைடர் ஏறும்போது, தன் கோப்பின் ஹெச்மேக் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் முத்திரை) கணக்கிட்டுக் கான்ஃபிக்கில் பதிந்திருப்பதோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் எந்த அல்காரிதத்தையும் தராது.

புது அமைப்புக்கும் அதன் பொறி உண்டு. எந்த ப்ரொவைடரையும் நீங்கள் குறிப்பிடாதவரை ‘டிஃபால்ட்’ தானாக ஏறும். ஒன்றை நீங்களாக ஏற்றினால் அந்தத் தானியக்கம் நின்றுவிடும். பழைய அல்காரிதம் ஒன்றுக்காக ‘லெகசி’ ப்ரொவைடரைக் கான்ஃபிக்கில் இயக்கிவிட்டு, ‘டிஃபால்ட்’ பகுதியில் ஆக்டிவேட் வரியின் முன்னால் இருக்கும் கருத்துக் குறியை எடுக்க மறந்துவிடுவார்கள். உடனே அந்த மெஷினில் ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பியிருக்கும் பலதும் ஒன்றாகப் படுத்துவிடும். ஏஇஎஸ்ஸே இல்லை என்று பிழை வரும்போது, கெட்டுப்போனது என்ன என்று ஊகிப்பது கடினம். புதிதாகச் சேர்த்தது எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கேள்விக்குறி. ஒரு அல்காரிதத்தைக் கேட்கும்போது இந்த ப்ரொவைடரிடமிருந்து வேண்டும் என்று நிபந்தனை சேர்க்கலாம். நிபந்தனையை அப்படியே எழுதினால் அது கட்டாயம்: அந்த ப்ரொவைடர் எழவில்லையென்றால் அழைப்பு தோற்கும். முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் அது விருப்பம்: கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் வேறெங்காவது. எஞ்சின் காலத்தில் யாரையும் கேட்காமல் நடந்த பின்வாங்கல், இப்போது நிரல் எழுதுபவர் கையெழுத்திடும் முடிவாகிவிட்டது.

லினக்ஸ் கெர்னல் இதே பிரச்சினையை எண்களால் தீர்த்திருக்கிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு முன்னுரிமை எண். ஏஇஎஸ்ஸின் பொது நிரலுக்கு 100 என்றால், சிபியு கட்டளைகளைப் பயன்படுத்துவதற்கு 300. ஒரே அல்காரிதத்துக்குப் பெரிய எண் வெல்லும். ப்ராக் டைரக்டரியில் கிரிப்டோ என்ற கோப்பைத் திறந்தால் எந்த டிரைவர், என்ன எண், சுயசோதனையில் தேறியதா என்று எல்லாம் வரிவரியாகத் தெரியும்.

பழைய எஞ்சினோடு மல்லாடுபவர்களுக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. நான் செய்வது இது. ‘அவைலபிள்’ என்று வந்த பிறகு, எஞ்சினின் ஷேர்டு லைப்ரரிக் கோப்பைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, சோதனை மெஷினில் சர்வரை மறுபடி தொடங்குவேன். அது முனகிக்கொண்டு விழுந்தால் கான்ஃபிக் அந்தக் கோப்புவரை எட்டுகிறது. ஒன்றுமே நடக்காதது போல எழுந்து இணைப்புகளை வாங்க ஆரம்பித்தால், நேற்றுவரையும் அது கார்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம். பெயரைத் திரும்ப மாற்றி, சில நூறு இணைப்புகளை அனுப்பி, கார்டின் கவுன்டர் நகர்கிறதா என்று பார்ப்பது அதற்கு அடுத்த வேலை.